இருந்த ஆண்டுகளும் இருக்கப்போகும் ஆண்டுகளும்

நியூசிலாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் 2023 வரை இரண்டு கேள்விகள் இருந்தன. இந்த வீட்டுக்கு வந்து எத்தனை ஆண்டாகிறது என்பது ஒன்று. கடந்த நான்கு வாரத்தில் ஏதேனும் ஓர் அமைப்புக்கோ, குழுவுக்கோ, மாவோரிகளின் பொதுக்கூடமான மராய்க்கோ சம்பளமில்லாமல் வேலை செய்தீர்களா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் உறவு உண்டா? நெடுநாளாக ஒரே இடத்தில் வாழ்பவர்தான் அந்த இடத்துக்காக அதிகம் மெனக்கெடுகிறாரா? விடை எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். நேற்று குடிவந்தவனுக்கு ஊர்க் குளத்தைப் பற்றி என்ன கவலை என்று நம் ஊர்த் திண்ணைகளில் பேசாத கிழவர் இல்லை.

இந்தத் திண்ணைப் பேச்சை உரசிப் பார்க்க ஆக்லாந்து நல்ல இடம். பதினாறு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் வேறு நாட்டில் பிறந்தவர்கள். வாடகை வீடுகள் சுற்றிச் சுற்றிக் கைமாறும் நகரம். அதே சமயம், தொண்டு இல்லாமல் ஒரு நாள்கூட நகராத நாடு இது. 2008இல் வெளிவந்த, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு ஒப்பாய்வின் பகுதியான அறிக்கை, நியூசிலாந்தில் ஏறத்தாழ 97,000 இலாபநோக்கற்ற அமைப்புகள் இருப்பதாகவும் அவற்றில் பத்துக்கு ஒன்பதில் சம்பளம் வாங்கும் ஊழியர் ஒருவர்கூட இல்லையென்றும் கணக்கிட்டது. அந்தத் துறையின் மொத்த உழைப்பில் மூன்றில் இரண்டு பங்கு தொண்டர்களுடையது. உலக அளவில் மிக உயர்ந்த விகிதங்களில் இது ஒன்று. 2016இன் பொதுச் சமூகக் கணக்கெடுப்பில், முந்தைய நான்கு வாரங்களில் ஏதோ ஒருவகைத் தொண்டு செய்ததாகப் பெரியவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சொன்னார்கள்.

முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். இந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டு வயது. 1974இல் ஜான் கசார்டாவும் மோரிஸ் ஜானோவிட்ஸும் இங்கிலாந்தில் 1967இல் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பை அலசினார்கள். நகரம் பெருகப் பெருக மனிதர் ஒட்டாமல் போவார்கள் என்பது அன்றைய சமூகவியலின் நம்பிக்கை. அவர்கள் கண்டது வேறு. ஊரின் மக்கள்தொகையோ நெருக்கமோ அவ்வளவு முக்கியமாகத் தெரியவில்லை. ஒருவர் அங்கே எத்தனை காலம் வாழ்ந்தார் என்பதே அவருடைய நட்புக்கும் உறவுக்கும் ஊர்ப்பற்றுக்கும் அடிப்படையாக இருந்தது. 1988இல் ராபர்ட் சாம்ப்சன் இதில் இன்னொரு திருப்பம் வைத்தார்: ஒருவர் நிலைத்திருப்பது மட்டும் போதாது, அவரைச் சுற்றியிருக்கும் தெருவும் நிலைத்திருக்க வேண்டும். எல்லோரும் மாறிக்கொண்டே இருக்கும் தெருவில் முப்பது ஆண்டு வாழ்ந்தாலும் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் போகலாம். ராபர்ட் புட்னம் 2000இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், அடிக்கடி வீடு மாறுவதைத் தொட்டி மாற்றி நடப்படும் செடியோடு ஒப்பிட்டார். புது மண்ணில் வேர் பிடிக்கக் காலம் வேண்டும் என்பது அவர் வாதம்.

வீட்டுச் சொந்தக்காரர் நல்ல குடிமகனா என்ற கேள்வியோடு 1999இல் டெனிஸ் டிபாஸ்குவாலே, எட்வர்ட் கிளேசர் என்ற இரு பொருளியலாளர்கள் அமெரிக்க, ஜெர்மானியத் தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். சொந்த வீட்டுக்காரர் உள்ளூர் அமைப்புகளில் அதிகம் சேர்கிறார், உள்ளூர்த் தேர்தலில் அதிகம் வாக்களிக்கிறார் என்பதெல்லாம் எதிர்பார்த்தபடியே வந்தது. ஆனால் அந்த வேறுபாட்டில் பெரும்பகுதிக்கு, பட்டா தன் பெயரில் இருப்பது காரணமாகத் தெரியவில்லை. சொந்த வீட்டுக்காரர் அவ்வளவு எளிதாக இடம் மாறுவதில்லை, அவ்வளவுதான். இந்த நுணுக்கம் பின்னால் உதவும்.

எனக்குப் பிடித்த ஆய்வு ஷிகேஹிரோ ஓயிஷியும் கூட்டாளிகளும் 2007இல் வெளியிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், வாகன எண் பலகைக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் அந்தப் பணம் காட்டுயிர் வாழிடங்களைக் காக்கப் போகும். யார் அதிகம் வாங்கினார்கள்? குடும்பங்கள் இடம் மாறாத பகுதிகளில் இருந்தவர்கள். பேஸ்பால் ஆட்டத்தையும் விடவில்லை அந்த ஆய்வாளர்கள். மக்கள் நிலைத்திருக்கும் நகரங்களில் சொந்த அணி தோற்றுக்கொண்டிருந்தாலும் கூட்டம் வருகிறது. வந்துபோகும் நகரங்களில் அணி வென்றால்தான் அரங்கம் நிறைகிறது. இதெல்லாம் வெறும் இணைநிகழ்வு, பற்றுள்ளவன் தங்குகிறான் என்று சொல்லி ஒதுக்கிவிடலாமே என்று கேட்கக்கூடும். அதற்கும் அவர்கள் ஆய்வகத்திலேயே விடை தேடினார்கள். சிலரைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே குழுவில் வைத்தார்கள். சிலரை ஒவ்வொரு வேலைக்கும் குழு மாற்றினார்கள். நிலைத்த குழுவில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கூடுதலாக உதவினார்கள். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்ததால், இங்கே பிறவிக்குணத்தைக் காரணம் காட்ட முடியாது.

ஆக உறவு இருக்கிறது. அதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் இந்த ஆய்வுகளை அப்படியே தூக்கி ஆக்லாந்தின் மேல் வைத்து, பழைய குடி உழைக்கிறது, புதிய குடி ஒதுங்குகிறது என்று படித்தால் பிழையாகிவிடும். முதல் சிக்கல் வயது. ஒரே வீட்டில் இருபத்தைந்து ஆண்டு இருந்தவர் இயல்பாகவே ஐம்பதைத் தாண்டியவராக இருப்பார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார், வீட்டுக்கடன் அடைந்திருக்கும், செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் இருக்கும். இங்கே அறுபத்தைந்து வயதானவர்களுக்குக் கூட்டநேரம் தவிர்த்துப் பேருந்தும் படகும் இலவசம். தொண்டர்கள் நடத்தும் ஆலோசனை மையங்களின் பகல்நேர மேசைகளில் நரைத்த தலைகள் அதிகம் தெரிவதில், அந்த இலவசப் பயணத்தைத் தரும் தங்கநிற அட்டைக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். இரண்டாவது, பிள்ளைகள். 1989இல் பள்ளி நிர்வாகம் பெற்றோர் தேர்ந்தெடுக்கும் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்ட நாடு இது. சனிக்கிழமைக் கால்பந்துக்கும் நெட்பாலுக்கும் பயிற்சியாளர் பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா அல்லது அம்மா. பள்ளிக்கு நிதி திரட்டக் கடை வாசலில் சாசேஜ் சுடும் வரிசையில் நிற்பவரிடம் எத்தனை ஆண்டு இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளை அந்தப் பள்ளியில் படித்தால் போதும். ஆறு மாதம் முன்பு சென்னையிலிருந்து வந்த தகப்பன்கூட மறு சனிக்கிழமையே விசிலோடு மைதானத்தில் நிற்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியமானது. யார் தங்குகிறார்கள், யார் போகிறார்கள் என்பது அவரவர் மனப்பாங்கா?

1991இல் நியூசிலாந்துக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்குச் சற்றே குறைவானவை சொந்த வீட்டில் இருந்தன. 2018இல் அது 64.5 சதவீதமாகச் சரிந்தது. ஆக்லாந்தில் அறுபதுக்கும் கீழே. மீதிப் பேருக்கு 1986ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டமே தலைவிதி. அந்தச் சட்டத்தில் வீட்டுக்காரர் காரணம் எதுவும் சொல்லாமலே 90 நாள் அறிவிப்புக் கொடுத்துக் குடியிருப்பவரை வெளியேற்ற முடிந்தது. 2021 பிப்ரவரியில் அந்த வசதியை எடுத்தார்கள். ஆட்சி மாறியபின் 2025 ஜனவரி 30 முதல் அது திரும்ப வந்துவிட்டது. ஆக்லாந்தின் மாங்கெரேயிலோ மவுண்ட் ரோஸ்கில்லிலோ ஒரு வாடகைக் குடும்பம் எத்தனை ஆண்டு இருக்கும் என்பதை அந்தக் குடும்பத்தின் ஊர்ப்பற்று தீர்மானிப்பதில்லை.

க்ளென் இன்னஸ் கதை இதைவிடக் கூர்மையானது. நகரின் கிழக்கில் தாமாக்கிப் பகுதியில், அரசு வீடுகள் நிறைந்த பழைய குடியிருப்பு. மாவோரிகளும் பசிபிக் தீவினரும் தலைமுறைகளாக வாழ்ந்த இடம். தேவாலயக் குழு, விளையாட்டுக் கழகம், மூதாட்டிகளின் தையல் கூட்டம் என்று எல்லாம் இருந்தது. 2011இல் 156 அரசு வீடுகளின் குடியிருப்பாளர்களுக்கு, மறுமேம்பாட்டுக்காக இடம் மாற வேண்டியிருக்கும் என்று கடிதம் போனது. நிலம் பெரிது, வீடு பழையது, நகருக்கு வீடுகள் தேவை, கணக்கில் தவறில்லை. சில வீடுகளை லாரியில் ஏற்றி நள்ளிரவில் கொண்டுபோனபோது மக்கள் சாலையில் நின்று மறித்தார்கள். அடுத்த ஆண்டு அரசும் ஆக்லாந்து மாநகர மன்றமும் சேர்ந்து தாமாக்கி மறுமேம்பாட்டு நிறுவனத்தை அமைத்தன. பழைய குடிகளுக்கு அதே பகுதியில் வீடு தருவது என்ற உறுதிமொழி பின்னால் வந்ததுதான். முதல் கடிதங்கள் போன நாளில் அது இல்லை. இப்படிக் கலைந்த தெருவில் அடுத்த கணக்கெடுப்பு எடுத்தால் குடியிருந்த ஆண்டும் குறைந்திருக்கும், தொண்டும் குறைந்திருக்கும். இரண்டையும் குறைத்தது மூன்றாவது ஒரு கை.

இதற்கு முன்னாலும் இது நடந்திருக்கிறது. இன்று கோடீசுவரர்களின் பேட்டையான பொன்சன்பி, 1970களில் பசிபிக் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்களின் நெருக்கமான வாடகைப் பகுதி. பக்கத்து நியூட்டன், ஃப்ரீமன்ஸ் பே தெருக்களை நெடுஞ்சாலைச் சந்திப்பு விழுங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் 1971 ஜூனில் பாலினேசியன் பாந்தர்ஸ் தோன்றியது. குடியேறிகளின் பிள்ளைகள், இருபது வயதுகூட நிரம்பாதவர்கள் பலர். வீட்டுப்பாட மையம் நடத்தினார்கள், வாடகைக்காரருக்கு உதவினார்கள், சிறையில் இருப்போரைப் பார்க்க அவர்கள் குடும்பங்களைப் பேருந்தில் அழைத்துப் போனார்கள், சட்ட உரிமைகளைச் சொல்லும் சிறு நூலைப் பின்னாளில் பிரதமரான டேவிட் லாங்கியின் உதவியோடு கொண்டுவந்தார்கள். 1970களின் நடுவில் விடியற்காலைச் சோதனைகள் என்ற பெயரில், விசாக் காலம் கடந்து தங்கியவர்களைத் தேடிப் போலீஸ் அவர்களுடைய சமூகத்தின் கதவுகளைத் தட்டியது. அதற்கு அரசு மன்னிப்புக் கேட்டது 2021 ஆகஸ்டில், ஆக்லாந்து நகர மண்டபத்தில். வேர் பிடிக்காதவர்கள், வேர் பிடிக்கவிடப்படாதவர்கள் என்று எந்த அளவுகோலில் சொன்னாலும், அந்தப் பத்தாண்டில் பொன்சன்பிக்காக அவர்கள் அளவுக்கு உழைத்தவர்களைத் தேட வேண்டும். அதே பொன்சன்பியில்தான் 1970இல் நாட்டின் முதல் குடிமக்கள் ஆலோசனை மையமும் திறக்கப்பட்டது. வாடகைத் தகராறு, சம்பளப் பாக்கி, விசாப் படிவம் என்று வருவோருக்குத் தொண்டர்களே வழிசொல்லும் அந்த முறை இன்றும் நகரமெங்கும் நடக்கிறது.

மாவோரிகளின் கதை இந்தக் கேள்வியையே வேறு பக்கம் திருப்பிவிடுகிறது. நிலத்தில் அடுப்பு அணையாமல் வாழ்ந்துகொண்டிருப்பவருக்கே அந்த நிலத்தில் உரிமை என்பது அவர்களது மரபு. அந்த உரிமையோடு விருந்தோம்பும் கடமையும் சேர்ந்தே வரும். ஓராக்கேயின் நாத்தி ஃபாத்துவா மக்கள், எஞ்சியிருந்த நிலமும் வீட்டுமனைகளாகப் போவதைத் தடுக்க 1977இலும் 78இலும் பாஸ்டியன் பாயிண்டில் ஐந்நூறு நாளுக்கு மேல் கூடாரமிட்டு உட்கார்ந்தார்கள். 1978 மே 25இல் போலீசும் ராணுவமும் வந்து 222 பேரைக் கைது செய்தன. 1988இல் நிலம் திரும்பக் கிடைத்தது. இன்று அந்த மேட்டில் அவர்கள் நாட்டு மரங்களை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நட வருவோரில் நகரின் எந்த மூலையிலிருந்தும் வருபவர்கள் உண்டு. மாங்கெரே பிரிட்ஜின் தே புயா மராய் இன்னொரு வகை. 1965இல் எழுந்தது. கிராமங்களை விட்டு வேலை தேடி நகருக்கு வந்த மாவோரிகள், தங்கள் சொந்த மராயிலிருந்து தூரமாகிவிட்ட நிலையில், கட்டிக்கொண்ட நகர்ப்புறக் கூடம் அது. 2016இல் வீட்டு நெருக்கடி முற்றி, குடும்பங்கள் காருக்குள் உறங்கிய குளிர்காலத்தில், அந்த மராய் கதவைத் திறந்துவிட்டது. யார், எந்தக் குலம் என்று கேட்கவில்லை. சமைக்கவும் போர்வை மடிக்கவும் ஆக்லாந்தெங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள்.

தாங்கள் வாழாத இடத்துக்காக மக்கள் செய்த தொண்டும் உண்டு. ஹௌராக்கி வளைகுடாவில் 220 ஹெக்டேர் தீவு தீரீதீரி மாதாங்கி. மேய்ச்சலால் மொட்டையாகிப் போயிருந்தது. 1984 முதல் 1994 வரை ஆயிரக்கணக்கான தொண்டர்கள் படகேறிப் போய் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டார்கள். அவர்களில் எவருக்கும் அந்தத் தீவில் வீடில்லை. அங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தாய் என்ற கேள்விக்குப் பொருளே இல்லை. ஆனால் பத்து ஆண்டு கழித்து இந்தக் கன்று மரமாவதைப் பார்க்க நான் இங்கே இருப்பேன் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வருவது இதைத்தான். தொண்டைத் தூண்டுவதில் பின்னால் கிடக்கும் ஆண்டுகளைவிட முன்னால் தெரியும் ஆண்டுகளே வலியவை. பின்னால் கிடக்கும் ஆண்டுகள் பயன்படுவது அறிமுகம் என்ற வகையில். யாரைக் கேட்க வேண்டும், எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியும். ஆனால் அறிமுகத்தை வேறு வழிகளிலும் கொடுக்கலாம், பள்ளியும் கோயிலும் கொடுக்கின்றன. இருப்பேன் என்ற நம்பிக்கையை வாடகைச் சட்டமும் விசாவும்தான் கொடுக்க முடியும். டிபாஸ்குவாலேயும் கிளேசரும் கண்ட சொந்த வீட்டுக்காரரை இந்தக் கண்ணோடு திரும்பப் பாருங்கள். அவர் நகரமாட்டார் என்பது அவருக்கே தெரியும். இந்த விஷயத்தில் நியூசிலாந்தின் சட்டம் ஒன்று வியப்பானது. நிரந்தர வதிவுரிமை உள்ளவர் ஓராண்டு தொடர்ந்து வாழ்ந்தால் போதும், குடியுரிமை இல்லாமலே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கலாம். 1975 முதல் அப்படித்தான். வாக்குச் சீட்டை அவ்வளவு விரைவில் தரும் நாடு, வதிவுரிமையைத் தருவதில் பல ஆண்டு இழுத்தடித்தது. கொரோனாக் காலத்தில் தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களை முடிக்க 2021 செப்டம்பரில் ஒருமுறைக்கான வதிவு விசாவை அறிவித்தபோது, தகுதியானவர்கள் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் பேர் என்று அரசே கணித்தது. அத்தனை பேர் அதுவரை அடுத்த ஆண்டு எங்கே இருப்போம் என்று தெரியாமல் இங்கே வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

புதியவர்கள் தொண்டு செய்வதில்லை என்ற பேச்சுக்குக் கணக்கெடுப்பின் கேள்வியும் ஒரு காரணம். அமைப்பின் பெயரால் செய்ததையே அது கேட்டது. விமான நிலையத்தில் இரவு பதினொன்றரைக்கு முன்பின் தெரியாத ஒரு மாணவியை ஏற்றிவந்து, தன் வீட்டுக் கூடத்தில் மெத்தை போட்டு, மறுநாள் வங்கிக் கணக்குத் திறக்கக் கூட்டிப்போகும் தமிழ்க் குடும்பம் அந்தப் படிவத்தில் என்ன எழுதும்? ஒன்றும் எழுதாது. மாவோரிகள் இந்தக் குறையை முன்பே எடுத்துக்காட்டிவிட்டார்கள். உறவுக் கடமையாகச் செய்வதைத் தொண்டு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் தங்களுக்கு இல்லை என்று அவர்கள் சொன்னதை 2007இல் அரசுத் துறை ஒன்றே தனி அறிக்கையாக வெளியிட்டது. இனிமேல் அந்தக் குறையுள்ள கேள்வியும் எல்லா வீட்டுக்கும் போகாது. 2023 மார்ச் 7இல் நடந்ததே கடைசிப் பழைய முறைக் கணக்கெடுப்பு. 2030 முதல் அரசு அலுவலகங்களில் ஏற்கெனவே கிடக்கும் தரவுகளையே பெரும்பாலும் வைத்து எண்ணப்போவதாக அறிவித்துவிட்டார்கள். வரிக் கோப்பிலும் மருத்துவமனைப் பதிவிலும் மெத்தை விரித்த கணக்கு இருக்காது.

ஆக்லாந்துத் தமிழர்களைப் பார்த்தால் மூன்று அலை தெரியும். 1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள். 1987இல் குடியேற்றச் சட்டம் திருந்தி 1991இல் புள்ளிமுறை வந்தபின் தமிழ்நாட்டிலிருந்து வந்த பொறியாளர்கள், கணினிக்காரர்கள், பின் மாணவர்கள். இவர்களோடு, 1987இன் ஃபிஜி ஆட்சிக் கவிழ்ப்புகளுக்குப் பிறகு வந்த, கரும்புத் தோட்டத் தமிழரின் வழிவந்தவர்கள். கோயில், சங்கம், வார இறுதித் தமிழ் வகுப்பு எல்லாம் சம்பளமில்லாத உழைப்பில் ஓடுபவை. சாண்ட்ரிங்ஹாம், மவுண்ட் ரோஸ்கில் பக்கம் ஒரு சனிக்கிழமைக் காலையை எட்டிப் பாருங்கள். பள்ளிக்கூட மண்டபம் வாடகைக்கு. ஒன்பதுக்குக் கால்மணி முன்பு ஒருவர் வந்து கதவைத் திறந்து, உள்ளே பீப் அடிக்கும் அலாரத்துக்குக் குறியெண் அழுத்துகிறார். தொண்ணூறுகளில் வந்தவர். திறப்பு அவரிடம், அலாரம் எண் அவர் மனதில், மண்டபப் பொறுப்பாளரின் கைபேசி எண் அவர் பையில். அடுக்கிய நாற்காலிகளை எந்த வரிசையில் எடுத்தால் திரும்ப அடுக்கும்போது சுவரில் இடிக்காது என்பதும் அவருக்கே தெரியும். புதிதாக வந்த ஒரு தாய் நான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுத் தயங்கி நிற்கிறார். "அக்கா, நான் ஏதும் செய்யட்டோ?" என்று தேநீர்ப் பக்கம் நிற்பவரைக் கேட்கிறார். "வேண்டாம் பிள்ளை, நீங்கள் இருங்கோ. நாங்கள் பாக்கிறம்." அன்பாகத்தான் சொல்கிறார். சில வாரம் கழித்து அந்தத் தாய் கேட்பதை நிறுத்திவிடுவார். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், இளையவர்கள் ஒருவரும் முன்வருவதில்லை என்று செயலாளர் குறைப்படுவார். எப்படித் தொண்டுக்கு வந்தீர்கள் என்று எங்கே கேட்டாலும் கிடைக்கும் பதில், யாரோ கூப்பிட்டார்கள் என்பதுதான். கூப்பிடுகிறவர் பழையவர். ஆகவே பழையவர் தனக்குத் தெரிந்த பழையவரையே கூப்பிடுகிறார்.

நெடுநாள் குடியிருப்பின் இந்த மறுபக்கத்தை ஆய்வுகள் போதிய அளவு பேசுவதில்லை. ஆக்லாந்தில் அது சங்கங்களோடு நிற்கவும் இல்லை. நகரின் ஒருங்கிணைந்த திட்டம் 2016இல் முடிவாகுமுன், உள்பகுதிகளில் அடுக்குமாடிகளுக்கு இடம் கொடுப்பதை எதிர்த்துப் பழைய குடியிருப்போர் சங்கங்கள் பெரும் பாடுபட்டன. மனு எழுதினார்கள், கூட்டம் கூட்டினார்கள், வரைபடம் படித்தார்கள். எல்லாம் சம்பளமில்லாத உழைப்பு, எந்தக் கணக்கெடுப்பிலும் தொண்டுதான். அந்தப் பிப்ரவரியில் மாநகர மன்றக் கூட்டத்தில் வீடு கிடைக்காத இளையவர்களுக்காகப் பேச வந்த இளைஞர் ஆலோசனைக் குழுவினரைப் பார்வையாளர் வரிசையிலிருந்த மூத்தவர்கள் கூச்சலிட்டு இடைமறித்தார்கள். அன்று மன்றம் தன் திட்டத்தின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. நீண்டகாலம் வாழ்ந்தவர்களின் ஈடுபாடு, மற்றவர்கள் நீண்டகாலம் வாழ முடியாதபடி வீட்டு விலையை மேலே வைத்திருக்க உதவியது என்றால், உறவும் விளைவும் ஒன்றையொன்று சுற்றிக்கொள்கின்றன. நல்லவேளை, அந்த ஆண்டு இறுதியில் நடைமுறைக்கு வந்த திட்டம் நகரின் பெரும்பகுதியில் கூடுதல் வீடுகளுக்கு வழிவிட்டது.

வேலையின் தன்மையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி 27இல் ஆக்லாந்து விமான நிலையத்தில் ஒரே நாளில் 245 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நான்கு பேர் இறந்தார்கள். மாங்கெரேயில் வீடுகளுக்குள் தண்ணீர். அந்த இரவில் படகு தள்ளியவர், கம்பளம் சுருட்டியவர் யாரும் எத்தனை நாள் குடியென்று பார்க்கவில்லை. டாகானினியில் 2005இல் திறந்த குருத்வாராவின் சமையலறை, கொரோனா முடக்கத்தில் எல்லா இனத்தவருக்கும் ஆயிரக்கணக்கில் உணவுப் பைகள் கொடுத்திருந்தது. வெள்ளத்துக்கு நடுவில் அப்படிப்பட்ட கூடங்களும் மராய்களும் அரசு எந்திரத்தைவிட முன்னதாகவே விழித்துக்கொண்டன. கிறைஸ்ட்சர்ச்சில் 2010 நிலநடுக்கத்துக்குப் பின் சேற்றை அள்ளிய மாணவர் படையும், 2015 டிசம்பரில் சென்னையில் படகோடு வந்த மீனவரும் வாடகை அறை இளைஞரும் இதே வகை. பேரிடருக்கு முகவரி வேண்டாம்.

ஆனால் இரண்டு வாரம் கழித்து கேப்ரியல் புயலில், மூரிவாய் கடற்கரைக் குன்று சரிந்தபோது வீட்டைப் பார்க்கப் போன இரு தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். இருவரும் அந்தச் சிற்றூரின் தொண்டர் படையைச் சேர்ந்தவர்கள். நாட்டின் தீயணைப்புப் பணியாளர்களில் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான். அந்த வேலைக்கு ஓர் இரவின் கருணை போதாது. பயிற்சி, வாராந்தர ஒத்திகை, எந்தச் சாலை முதலில் மூழ்கும் என்ற அறிவு, இதற்கெல்லாம் ஆண்டுகள் வேண்டும். பீஹா கடற்கரையில் 1934 முதல் இருக்கும் உயிர்காப்புக் கழகமும் இந்த வகைதான். மவுண்ட் ரோஸ்கில்லிலிருந்து வாட்டர்வியூவுக்கு ஓடும் தே ஆவாவுங்கா ஓடையைப் பேணும் குழுக்களும் அப்படியே. காட்டுயிரைக் காக்க அந்தக் கரையில் எலிப்பொறி வைப்பது ஒரு நாள் வேலை. இரை மாற்றி, செத்ததைக் குறித்துவைத்து, திரும்பத் திரும்பப் போவதுதான் தொண்டு. அடுத்த மாதம் வீட்டுக்காரர் அறிவிப்புத் தருவாரோ என்று இருப்பவர் பொறி வரிசைக்குப் பெயர் கொடுக்கமாட்டார். அதைச் சோம்பல் என்று எழுதுவது அநியாயம்.

குடியிருப்பைத் தகுதியாக வைப்பது நமக்குப் புதிதல்ல. உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அந்தப் பிராமண சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் முறையைச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் இறைநிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், வயது, இரண்டாம் கல்வெட்டின்படி, முப்பத்தைந்துக்கும் எழுபதுக்கும் இடையில். மேடைகளில் நாம் பெருமையாகச் சொல்லும் குடவோலை இதுதான். ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு: கடந்த மூன்று ஆண்டில் வாரியத்தில் இருந்தவருக்கு இந்த முறை ஓலை கிடையாது. வேரூன்றியவர் வேண்டும், ஆனால் அவரே ஒட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்று இரண்டையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள்.

அப்படி எழுதிவைக்கும் வாய்ப்பு இங்கேயும் வந்தது. நியூசிலாந்தின் 2022ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டம், பழைய சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற ஒவ்வொரு சங்கமும் தன் அமைப்புவிதியைப் புதிதாக எழுதி மறுபதிவு செய்ய 2026 ஏப்ரல் 5 வரை கெடு கொடுத்தது. பத்து உறுப்பினராவது இருக்க வேண்டும், மூவராவது குழுவில் இருக்க வேண்டும், தகராறு தீர்க்க வழி சொல்லியிருக்க வேண்டும் என்பவை சட்டம் கேட்பவை. குழுவுக்கு நிற்க எத்தனை ஆண்டு உறுப்பினராக இருக்க வேண்டும், ஒருவர் தொடர்ந்து எத்தனை முறை நிற்கலாம் என்பவற்றை அந்தந்தச் சங்கமே எழுதிக்கொள்ளலாம். தமிழ்ச் சங்கங்களின் விதிப் புத்தகத்தில் முதல் கேள்விக்கு எண் போடக் கை தானாகப் போகும். இரண்டாவதற்கும் ஓர் எண் போட்டு, மண்டபத்துத் திறப்பில் ஒன்றைச் சென்ற ஆண்டு வந்த யாராவது ஒருவரிடம் கொடுத்துவைப்பது பொதுக்கூட்டத்தில் அரைமணி நேர விவாதத்துக்கு உரிய தீர்மானம்.